வீட்டுக்குள் நேரும் விபத்து

மும்பையில் ஓடும் ரயிலிலிருந்து ஒருவர் விழுந்தால் அது செய்தியாகிறது. சாலையில் ஒருவர் பஸ்ஸில் அடிபட்டால் போலீஸ் வருகிறது, வழக்குப் பதிவாகிறது. வீட்டு மோரியில் எழுபது வயது மூதாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது செய்தியும் ஆவதில்லை, வழக்கும் ஆவதில்லை. "வயதாகிவிட்டது, விழுந்துவிட்டார்" என்ற இரண்டு சொற்களோடு அக்கம்பக்கத்தார் திரும்பிவிடுகிறார்கள். வீட்டாரும் அதையே நம்பிவிடுகிறார்கள். விழுவதை முதுமையின் கூறு என்றும், தலையெழுத்து என்றும் எடுத்துக்கொள்ளும் இந்த வழக்கம் மிகவும் கேடு விளைவிப்பது. முதியோர் விழுவதற்குப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் காரணம் உண்டு. அக்காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே உள்ளது. அதை நீக்கச் சில நூறு ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

இது சிறிய விஷயம் என்று கருதுவோர் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பார்க்க வேண்டும். உலகெங்கும் ஆண்டுதோறும் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து சாகிறார்கள். தற்செயலாக நேரும் விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் இந்தியா போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். மற்ற எந்த வயதினரையும் விட அறுபது வயதைக் கடந்தவர்களே இதில் அதிகம்.

இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சுமார் 10 கோடியே 38 லட்சம் பேர். நாட்டு மக்களில் அது நூற்றுக்கு 8.6. தமிழ்நாட்டில் அப்போதே அது நூற்றுக்கு 10.4 ஆக இருந்தது. அதற்குப் பிறகு இந்த விகிதம் எங்கும் ஏறியே வந்திருக்கிறது. மும்பைத் தமிழர்களிடையே இரண்டு விதமான முதியோர் இருக்கிறார்கள். 1960-களிலும் 1970-களிலும் டைப்பிஸ்டாகவும் குமாஸ்தாவாகவும் மாதுங்கா, செம்பூர் பகுதிகளுக்கும், தோல் பதனிடும் தொழிலாளியாகவும் கூலித் தொழிலாளியாகவும் தாராவிக்கும் இளைஞர்களாக வந்து, உழைத்து ஓய்ந்து, இங்கேயே மூப்படைந்தவர்கள் ஒரு வகை. ஊரில் தனியே இருக்க முடியாத நிலையில், மகனோ மகளோ திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அழைத்துவந்து வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இன்னொரு வகை. திண்ணையும் முற்றமும் உள்ள தரை வீட்டில் அறுபது ஆண்டு நடந்து பழகிய கால், திடீரென்று ஓர் ஒற்றை அறைக்குள் நடக்கப் பழக வேண்டியிருக்கிறது. இவ்விரு வகையினருக்கும் ஆபத்து ஒன்றுதான்.

ஒரு முதியவர் விழுந்தால் குடும்பத்துக்கு என்ன நேர்கிறது என்பது பலருக்கும் அனுபவத்தில் தெரியும். தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் தீராது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு நாள்கணக்கில் மல்லாந்து படுத்தால் முதுகில் படுக்கைப் புண், நுரையீரலில் சளிக்காய்ச்சல், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்ள மருமகளோ மகளோ வேலையை விட வேண்டியிருக்கிறது. தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஒரு கைப்பிடி இல்லாததால் ஒரு குடும்பம் கடனாளியாவதைத் தடுக்க முடியும்போது தடுக்காமல் இருப்பது பெரும் அறியாமை.

முதியோர் ஏன் எளிதில் விழுகிறார்கள்? வயதாக ஆகத் தொடைத் தசை மெலிகிறது. இளைஞர் கால் இடறினால் சட்டென்று அடுத்த அடியை ஊன்றித் தப்பிவிடுகிறார்; முதியவருக்கு அந்த விரைவு இல்லை. கண்ணில் புரை வளர்கிறது. இருபது வயதுக் கண்ணுக்குப் போதுமான வெளிச்சத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு அறுபது வயதுக் கண்ணுக்கு வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குத் தரை ஈரமா, காய்ந்ததா என்பதே தெரிவதில்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தூக்க மாத்திரையின் மயக்கம் விடியும் வரை விடாது. இவை உடம்பின் குறைகள். ஆனால் உடம்பு மட்டும் ஆளை வீழ்த்துவதில்லை. உடம்பின் குறையோடு வீட்டின் குறையும் சேரும்போதுதான் விபத்து நேர்கிறது. உடம்பின் வயதைக் குறைக்க எவராலும் முடியாது. வீட்டின் குறையை நீக்க எல்லோராலும் முடியும்.

மும்பை வீடுகளின் குறை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் முதலில் நிற்பது மோரி. அறையின் மூலையில், சிறு திட்டுக்குள் அடங்கிய இந்த இடத்தில்தான் பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது, குளிப்பது எல்லாம். சோப்பு நீர் காய்வதே இல்லை. குழாயில் தண்ணீர் வருவதோ குறிப்பிட்ட சில மணி நேரம். பல பேட்டைகளில் அது விடியும் முன்பே வந்துவிடுகிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் தூங்கட்டும் என்று தாய்தான் இருட்டில் எழுந்து குடத்தையும் டிரம்மையும் நிரப்புகிறார். தூக்கக் கலக்கம், அரை இருட்டு, ஈரத் தரை, கையில் நிறைகுடம் என்று விழுவதற்கு வேண்டிய நான்கும் அந்த ஒரு வேளையில் ஒன்று சேருகின்றன. முதலில் செய்ய வேண்டியது இந்த வேலையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்வது. குழாயிலிருந்து டிரம்முக்கு ஒரு ரப்பர் டியூப் போட்டுவிட்டால் குடம் தூக்கும் வேலையே இல்லை.

இரண்டாவது, இரவில் எழுந்து நடப்பது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்தாறு பேர் வரிசையாகப் படுத்திருக்க, முதியவர் சிறுநீர் கழிக்க எழுந்து, தூங்குவோரின் கால்களைத் தாண்டித் தாண்டிப் போகிறார். சார்ஜரின் வயர் காலில் சிக்குகிறது. சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருக்கிறது. பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று விளக்கைப் போடவும் அவருக்கு மனம் வருவதில்லை. இதற்குப் பரிகாரம் கதவுக்கும் மோரிக்கும் பக்கத்தில் முதியவருக்குப் படுக்கையை ஒதுக்குவதும், இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கை எரியவிடுவதுமே. அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு தினம் பத்து மணி நேரம் எரிந்தாலும் ஆண்டு முழுவதற்கும் இரண்டு யூனிட் மின்சாரம் ஆகாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து இருட்டில் விடுவது வீண் சிக்கனம்.

மூன்றாவது, ஏணியும் படியும். தாராவியிலும் அதையொத்த பகுதிகளிலும் வீட்டுக்குள்ளிருந்து மாடியறைக்கு ஏற, நெட்டுக்குத்தாக ஓர் இரும்பு ஏணியே உள்ளது. குடியிருப்புகளில் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது, மிதிக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு. இந்த ஏணிகளில் பாதி பாதத்துக்குத்தான் இடம் இருக்கும். முதியவரை மேலே படுக்க வைத்துவிட்டுக் கீழே சமையலையும் டி.வி.யையும் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இந்த ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். ஏணியில் ஏற வேண்டியவர்கள் இளையவர்களே. பரணிலிருந்து சாமான் எடுக்கப் பிளாஸ்டிக் ஸ்டூல் மீது ஏறும் வழக்கத்தையும் விட வேண்டும். முதியோர் அன்றாடம் எடுக்கும் பொருள் அனைத்தும் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருந்தால் ஸ்டூலுக்கு வேலை இருக்காது.

இனிக் கைப்பிடி. குளிக்கும் இடத்திலும் கழிப்பிடத்திலும் சுவரில் பதித்த இரும்புக் கைப்பிடி போல உதவுவது வேறொன்றும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் முதியோர் குழாயையோ துண்டு போடும் கம்பியையோ பிடித்து எழுகிறார்கள். இவை ஆளின் எடையைத் தாங்கச் செய்தவை அல்ல. ஒட்டிக்கொண்டு நிற்கும் ரப்பர் கிண்ணம் வைத்த பிளாஸ்டிக் கைப்பிடிகளையும் நம்பக் கூடாது. ஈரத்தில் அவை கழன்று வந்துவிடும். கைப்பிடியை எங்கே பதிப்பது என்பதைப் பிளம்பர் தீர்மானிக்கக் கூடாது. முதியவரையே அங்கே உட்கார்ந்து எழச் சொல்லி, அவர் கை இயல்பாக எங்கே போகிறதோ அங்கே குறி வைத்துப் பதிக்க வேண்டும். போல்ட் பூச்சில் நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும். பதித்த பிறகு வீட்டிலேயே கனமானவர் தொங்கிப் பார்த்துச் சோதிப்பது நல்லது. சுவர் தகரமாக இருந்தால், தரையிலிருந்து மேல் உத்தரம் வரை ஒரு குழாயை நிறுத்தி இறுக்கிவிடலாம்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதே என்பார் உண்டு. பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களின் கஷ்டம் உண்மையானதுதான். துளைத்த இடத்தைக் காலி செய்யும்போது அடைத்துத் தருவதாக எழுதிக்கொடுத்தால் பல வீட்டுக்காரர்கள் சம்மதிக்கக்கூடும். சம்மதிக்காவிட்டாலும் துளையே போடாமல் செய்யக்கூடியவை பல. குளிக்க அகலமான, கால்களில் ரப்பர் பொருத்திய ஸ்டூல். மோரித் தரையில், துளையுள்ள ரப்பர் விரிப்பு. வாசலில் கிடக்கும் பழைய புடவை மிதியடியையும் கோணிச்சாக்கையும் அகற்றிவிட்டு, வழுக்காத மிதியடி. வழியில் கிடக்கும் வயரைச் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டுவது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தரையைச் சீயக்காய் போட்டுக் கழுவிய பிறகே முதியவரை எழச் செய்வது. தேய்ந்த ஹவாய் செருப்புக்குப் பதிலாகக் குதிகாலைப் பிடிக்கும் செருப்பு வாங்கித் தருவது. வேட்டியும் புடவையும் கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி கட்டச் சொல்வது. இவற்றில் எதற்கும் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டியதில்லை.

இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்களால் பயன் உண்டா என்று கேட்கலாம். பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் 842 வீடுகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதி வீடுகளில் படிக்குக் கைப்பிடி, குளியலறைக்குக் கைப்பிடி, வெளியே விளக்கு, வழுக்காத தரை ஆகியவற்றைச் செய்து கொடுத்தனர். மற்ற வீடுகளை முதலில் அப்படியே விட்டனர். திருத்திய வீடுகளில் விழுந்து காயமடைவது நூற்றுக்கு 26 குறைந்தது. இதன் முடிவு 2015-ல் வெளியாயிற்று. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டிலும், வீட்டின் ஆபத்துகளை நீக்கினால் விழுவது ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது என்றும், ஏற்கெனவே விழுந்தவர்கள் போன்ற அதிக ஆபத்து உள்ளவர்களிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்றும் தெரியவந்தது. மருந்தில்லாத, பக்க விளைவு இல்லாத ஒரு காரியத்துக்கு இது சிறிய பலன் அல்ல.

வீட்டைத் திருத்துவதோடு முதியவரையும் அசையாமல் உட்கார்த்தி வைத்துவிட்டால் பத்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. நடக்காத கால் இன்னும் மெலியும். மெலிந்த கால் இன்னும் எளிதில் சரியும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, தினம் கொஞ்சம் நடப்பது ஆகியவை வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டி, தலைசுற்றல் தருவது எது என்று கேட்க வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது. படுக்கையிலிருந்து எழுபவர் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்து பிறகு நிற்க வேண்டும். கைத்தடி வாங்கினால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு அளவுக்கு அதன் பிடி இருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்ததும் மாற்ற வேண்டும்.

இதிலெல்லாம் ஒரு முட்டுக்கட்டை முதியோரின் மனம். ஒரு முறை விழுந்தவர் அதை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் வெளியே போகவிட மாட்டார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், பிள்ளைகளுக்குச் செலவு என்ற பயம். கைத்தடி பிடிப்பதையும் கௌரவக் குறைவாக எண்ணுகிறார்கள். ஆனால் ஒரு முறை விழுந்தவர் மறுமுறை விழ அதிக வாய்ப்பு உள்ளவர். எனவே விழுந்ததைச் சொன்னவரைக் கடிந்துகொள்ளும் வீட்டில் உண்மை ஒருபோதும் வெளிவராது. "ஏன் பார்த்து நடக்கவில்லை?" என்ற கேள்விக்குப் பதிலாக "எந்த இடத்தில், எப்படிக் கால் சறுக்கியது?" என்று கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியில்தான் பரிகாரம் இருக்கிறது.

எத்தனை கவனமாக இருந்தும் விழுந்துவிட்டால், உடனே கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தக் கூடாது. கால் குட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, எழ முடியாத வலி இருந்தாலோ இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எண்ணெய் போட்டு உருவுவதும், ஊருக்கு ரயிலேற்றிக் கட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் கடத்துவதும் உயிருக்கே தீங்காகலாம். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்வது நலம். எழுபது வயது நிறைந்த எவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கான காப்பீட்டை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. அதற்கான கார்டை ஆதாரைக் காட்டி இப்போதே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விழுந்த பிறகு அலைய நேரம் இராது. கைத்தடி, வாக்கர் போன்றவை வாங்க 65 வயது நிறைந்த ஏழை முதியோருக்கு ஒரு முறை 3,000 ரூபாய் தரும் திட்டத்தை மகாராஷ்டிர அரசும் 2024-ல் தொடங்கியது. மூத்த குடிமக்களுக்கான உதவித் தொலைபேசி 14567. இவற்றைப் பற்றித் தமிழ் மட்டுமே தெரிந்த முதியோருக்கு எடுத்துச் சொல்லி, மனுவை நிரப்பித் தருவது பேட்டைதோறும் உள்ள தமிழ்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் ஏற்கத்தக்க பணி. ஆண்டு விழாவுக்குத் திரட்டும் நிதியில் ஒரு சிறு பங்கைக் கைப்பிடிகளுக்கு ஒதுக்கி, பிளம்பிங், வெல்டிங் தெரிந்த இளைஞர்களைக் கொண்டு வீடு வீடாகப் பொருத்தித் தந்தால், அதைவிடச் சிறந்த விழா இருக்க முடியாது.

வீட்டார் செய்ய முடியாதவையும் உண்டு. சொசைட்டிக் கட்டடத்தில் மாடிப்படி விளக்கு எரியாததும், லிப்ட் வாரக்கணக்கில் நிற்பதும், படியை ஈரமாகக் கழுவிவிட்டுத் துடைக்காமல் போவதும் கமிட்டியின் பொறுப்பு. பொதுக் கழிப்பிடங்களில் விளக்கு, கைப்பிடி, முதியோர் உட்கார ஒரு கமோடு, அங்கே போகும் சந்தில் ஆடாத கல் ஆகியவற்றைத் தருவது மாநகராட்சியின் கடமை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் அந்தச் சந்துகளில் பாசி படிகிறது. மழைக்கு முன்பு சாக்கடை தூர்வாருவதைப் போலப் பாசி தேய்ப்பதும் ஆண்டுதோறும் நடக்க வேண்டிய வேலை.

குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் தரப்படும் வீட்டின் பரப்பு 225 சதுர அடியிலிருந்து 269-க்கும், பிறகு 300-க்கும் உயர்ந்தது. தாராவி மறுசீரமைப்பில் தகுதி உள்ளோருக்கு 350 சதுர அடி வீடு என்று 2024-ல் அறிவிக்கப்பட்டது. பேச்செல்லாம் சதுர அடியைப் பற்றியே நடக்கிறது. அந்த 350 அடிக்குள் குளியலறைத் தரை வழுக்காத டைல்ஸா, கழிப்பிடச் சுவர் கைப்பிடியைத் தாங்குமா, வாசற்படி இடறுமா, சக்கர நாற்காலி கதவுக்குள் நுழையுமா என்று கேட்பவர்கள் குறைவு. கட்டும்போதே செய்தால் இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். கட்டிய பின் உடைத்துச் செய்வதானால் பல மடங்கு. வரைபடம் கைக்கு வரும்போது குடியிருப்போர் சங்கங்கள் இந்த நான்கு கேள்விகளையும் எழுத்து மூலம் எழுப்ப வேண்டும். தரைதளத்திலிருந்து பல மாடி உயரத்துக்குக் குடியேறப்போகிற முதியோருக்கு லிப்ட் ஓடுவது சௌகரியம் அல்ல, உயிர்நாடி.

ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார்கள். பொங்கலுக்கும் கொடைக்கும் போகும்போது புடவையும் பலகாரமும் வாங்கிப் போகிறார்கள். அடுத்த முறை பெட்டியில் இரண்டு கைப்பிடியும் ஓர் இரவு விளக்கும் சேர்த்து எடுத்துப் போகட்டும். கிணற்றடியிலும் பின்கட்டுக் கழிப்பிடத்துக்குப் போகும் வழியிலும் வெளிச்சம் இருக்கிறதா என்று இரவில் ஒரு முறை நடந்து பார்க்கட்டும். மும்பையில் இருப்பவர்களும் வரும் ஞாயிற்றுக்கிழமையே, முதியவர் படுக்கையிலிருந்து மோரி வரை போகும் வழியை, விளக்கை அணைத்துவிட்டு ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். தங்கள் கால் இடறும் இடம் எதுவோ, அன்று மாலைக்குள் சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.